சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கான மறுவாழ்வுப் பணி: நிதி எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது

கேள்வி இதுதான். திருச்சியில் பதிவாகி இரண்டு ஆண்டு ஆன ஒரு சிறிய அறக்கட்டளை, மத்திய சிறையில் வாரம் இரண்டு நாள் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறது. விடுதலையாகி வருபவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறார்கள். அரசு மானியம் உண்டா, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணம் கிடைக்குமா, வெளிநாட்டு நிதி வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

"சிறை மறுவாழ்வு" என்ற பெயரிலேயே ஒரு மானியத்தைத் தேடி அலைந்தால் ஓராண்டு வீணாகும். அமெரிக்காவில் 2008-இல் வந்த இரண்டாம் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு நீதி அமைச்சகம் தொண்டு நிறுவனங்களுக்கே நேரடியாக மானியம் தருகிறது. நம் நாட்டில் சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2021 முதல் 2026 வரை சிறை நவீனமயமாக்கலுக்கு மத்திய அரசு அறிவித்த ₹950 கோடியும் மாநிலங்கள் பாதுகாப்புக் கருவிகள் வாங்குவதற்கானது, தொண்டு நிறுவனங்களுக்கானது அல்ல. ஆகவே செய்யப்போகும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். தொழிற்பயிற்சி, போதை மீட்பு, பெண்களுக்குத் தங்குமிடம், சட்ட உதவி என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்கெனவே ஒரு நிதித் தலைப்பு இருக்கிறது. எந்தத் தலைப்பிலும் அடங்காமல் ஒன்று மிஞ்சும்: சிறை வாசலைத் தாண்டிய முதல் சில வாரங்களும், அப்போது கூடவே நிற்கும் களப்பணியாளரின் சம்பளமும். மற்ற எல்லாம் நிற்பதும் சரிவதும் அந்தத் துண்டைப் பொறுத்தே. கட்டுப்பாடில்லாத பணம் ஒரு ரூபாய் கிடைத்தாலும் அதற்கென்று எடுத்து வையுங்கள்.

அரசுப் பணத்தில் இரண்டு வகை. ஒன்று, உங்கள் கணக்குக்கு வருவது. மற்றொன்று, உங்கள் கணக்கைத் தொடாமல் சிறைவாசிக்கே போய்ச் சேர்வது. பலரும் முதல் வகையை மட்டும் தேடுகிறார்கள். இரண்டாவதைச் சரியாகப் பயன்படுத்தினால் உங்கள் பட்ஜெட்டில் பெரிய தொகை மிஞ்சும்.

ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்துறை அமைச்சகம் 2023-இல் கொண்டுவந்தது. 2023 விதிகளில் ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு ₹40,000 வரை, அபராதம் கட்ட வழியில்லாத தண்டனைக் கைதிக்கு ₹25,000 வரை என்று வரம்பு இருந்தது. ஆட்சியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் அடங்கிய மாவட்டக் குழுதான் முடிவெடுக்கும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம், ஊழல் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வழக்கு இருந்தால் கிடைக்காது. ஜாமீன் உத்தரவு வந்து ஒரு வாரம் ஆகியும் வெளியே வராதவர் யார் என்று சிறை நல அலுவலரிடம் கேட்டு, பெயரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோவதுதான் இதில் உங்கள் வேலை. அறக்கட்டளைப் பணத்தை ஜாமீன் தொகையாகக் கட்ட வேண்டாம். உங்கள் ஊழியர் யாரும் ஜாமீன்தாரராகவும் நிற்க வேண்டாம். ஒருவர் வாய்தாவுக்கு வராமல் போனாலே ஊழியரும் அறக்கட்டளையும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு (புரொபேஷன்) சிறைத்துறையின் கீழேயே இருக்கிறது. விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவும் சங்கமும் இங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. சுயதொழில் உதவிக்கு அங்கே மனுப் போட முடியும். மனுவை எழுதி, வங்கிப் புத்தகம், ஆதார், விடுதலைச் சான்று மூன்றையும் சேர்த்து நன்னடத்தை அலுவலரிடம் கொடுத்து, பிறகு விடாமல் விசாரித்துக்கொண்டிருப்பது களப்பணியாளருக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செய்ய ஆள் இல்லாமல்தான் பல மனுக்கள் போடப்படாமலே போகின்றன.

உங்கள் கணக்குக்கே வரும் மானியத்தில் முக்கியமானது போதைக்கு எதிரான தேசியச் செயல்திட்டம். சமூக நீதி அமைச்சகம் தொண்டு நிறுவனங்கள் வழியாக மீட்பு மையங்களை நடத்துகிறது. ஆனால் அது படுக்கை, மருத்துவர், செவிலியர் எல்லாம் உள்ள முழு மையம். இரண்டு ஆண்டு வயதுள்ள அமைப்பு அதில் இப்போது இறங்க வேண்டாம். திருச்சி வட்டாரத்தில் ஏற்கெனவே அந்த மானியத்தில் நடக்கும் மையத்துடன் அனுப்பிவைக்கும் ஏற்பாடு ஒன்றை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு முன்பு சுவாதார் இல்லம் என்று இருந்ததே, அதன் விதிகளில் சிறையிலிருந்து வந்து ஆதரவின்றி நிற்கும் பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இப்போது அது மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் சக்தி சதன் என்று நடக்கிறது. இங்கும் முதல் ஆண்டில் ஏற்கெனவே நடக்கும் இல்லத்தில் இடம் கேளுங்கள், சொந்தமாக நடத்த இல்லம் கேட்க வேண்டாம்.

மத்திய அரசு மானியம் எதற்கும், தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு எண் வேண்டும். மத்திய மானியம் வாங்கினால் செலவானதும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொது நிதி விதிகள் 2017 சொல்லும் 12-ஏ படிவத்தில் தர வேண்டும். மானியப் பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டியும் அரசுக்குச் சொந்தம். வட்டியைச் செலவில் சேர்த்துவிட்டு அடுத்த தவணை நின்றுபோன அமைப்புகள் உண்டு.

இனி சி.எஸ்.ஆர். நிகர மதிப்பு ₹500 கோடி, விற்றுமுதல் ₹1,000 கோடி, நிகர லாபம் ₹5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. பணம் எதற்கெல்லாம் போகலாம் என்பது அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதில் சிறைவாசி என்ற சொல்லே கிடையாது. விண்ணப்பத்தில் "சிறைச் சீர்திருத்தம்" என்று தலைப்புப் போட்டால் கம்பெனியின் அதிகாரியால் அதை அட்டவணையின் எந்த இனத்தில் சேர்ப்பது என்று சொல்ல முடியாது, கோப்பு அப்படியே நிற்கும். வேலைவாய்ப்புத் திறனும் வாழ்வாதாரமும் இரண்டாவது இனம். பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பது மூன்றாவது இனம். சுகாதாரம் முதல் இனம். எந்த இனம் என்பதை நீங்களே முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு இப்போதைக்குத் தடை மூன்று ஆண்டு அனுபவ விதி. கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பாக இருந்தால், 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகளுடன், இதே மாதிரியான பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். எழுத்தறிவு வகுப்பு அதில் சேரும், ஆனால் காகிதம் வேண்டும். சிறைத்துறை அனுமதிக் கடிதங்கள், வகுப்பு வருகைக் கணக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தை ஆடிட்டர் சான்றுடன் தாக்கல் செய்து பதிவு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாத அமைப்புக்குக் கம்பெனி இந்தப் பணத்தைத் தர முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் 12ஏ, 80ஜி என்ற பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் பழைய பெயர்தான் நிற்கும், படிவத்தில் எந்த எண் போடுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது? செயல்படும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், மும்பைத் தலைமையகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதை விடத் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் போவது பலன் தரும். சி.எஸ்.ஆர். தொகை ஆண்டுக்கு ₹50 லட்சத்துக்கு மேல் போகாத கம்பெனிக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். அங்கே முதலாளியிடமே நேரில் பேச முடியும். திருச்சியில் இன்னொரு வசதியும் உண்டு. பெல் (BHEL) தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு வெல்டர், ஃபிட்டர் தேவை எப்போதும் இருக்கிறது. பணம் கொடுப்பவரே வேலையும் கொடுப்பவராக இருக்கும் வாய்ப்பு எல்லா ஊரிலும் வாய்க்காது. எந்தக் கம்பெனி எந்த மாவட்டத்தில் எதற்குச் செலவிட்டது என்பதைத் தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் பார்த்துவிட்டே போங்கள்.

கம்பெனிக்காரர்களின் தயக்கத்தையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். "குற்றவாளிகளுக்கா எங்கள் பணம்?" என்று இயக்குநர் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 75-க்கு மேல் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைக் காட்டுங்கள். யாரைச் சேர்ப்பீர்கள், யாரைச் சேர்க்க மாட்டீர்கள் என்ற விதியையும் எழுதி வையுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு, இப்போதும் மிரட்டல் விடுக்கும் கும்பலோடு தொடர்பு போன்றவற்றில் உங்கள் முடிவு என்னவாக இருந்தாலும், பணம் கேட்கும் முன்பே அது காகிதத்தில் இருக்க வேண்டும். பத்திரிகையில் ஒரு செய்தி வந்த பிறகு எழுதும் விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

விண்ணப்பம் எழுதும் முன் சிறைத்துறையின் அனுமதி. இங்கே எல்லோரும் ஒரு முடிச்சில் சிக்குவார்கள். அனுமதி இருக்கிறதா என்று நிதி தருபவர் கேட்பார், நிதி இருக்கிறதா என்று துறை கேட்கும். கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் ஒன்றை முதலில் கேளுங்கள். கண்காணிப்பாளரின் பரிந்துரையோடு தலைமையகத்துக்கு மனு போக வேண்டும். மனுவில் எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி நேரம், உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயர், ஆதார், உள்ளே கொண்டுவரும் பொருட்களின் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். நிதி உறுதியான பிறகு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடலாம். அதிகாரி மாறினால் அனுமதி கிடப்பில் விழும், ஆகவே ஒப்பந்தம் ஒருவரின் நல்லெண்ணத்தில் நிற்காமல் துறையின் பெயரில், காலவரையறையுடன் இருக்க வேண்டும்.

நிதி தருபவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே கைபேசி கிடையாது, படம் எடுக்க முடியாது, பயனாளியின் பெயர், வழக்கு எண் எதையும் தர மாட்டோம். அறிக்கையில் குறியீட்டு எண்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் பணம் வாங்கிவிட்டு, ஆண்டிதழுக்குப் பத்துப் பேரின் முகம் கேட்கும்போது மறுத்தால் மனக்கசப்பு. கொடுத்தால் அந்தப் பத்துப் பேரின் வேலைக்கே ஆபத்து.

தையல் இயந்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொருள் வாங்கித் தரக் கம்பெனிகளுக்கு மிகவும் பிடிக்கும், பெயர்ப்பலகை மாட்டலாம். ஆனால் சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது: பதிவு எண் பெற்ற அறக்கட்டளை, பொது அதிகாரம் உள்ள அமைப்பு, பயனாளிகளின் குழு இப்படி. சிறைக்குள் வைக்கும் இயந்திரம் யார் சொத்து, பழுதானால் யார் பார்ப்பது, நூலும் துணியும் யார் வாங்குவது, தைத்ததை விற்ற பணம் யாருக்கு என்ற நான்கு கேள்விக்கும் ஒப்பந்தத்தில் பதில் இல்லாவிட்டால், ஓராண்டில் அவை துணி போர்த்தி மூலையில் நிற்கும்.

பயிற்சியின் காலமும் பிழை நடக்கும் இடம். விசாரணைக் கைதி எந்த நாளும் ஜாமீனில் போவார், அல்லது வேறு சிறைக்கு மாற்றப்படுவார். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் விடச் சொல்கிறது (மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகள் நீங்கலாக). இவர்களுக்கு ஆறு மாதப் படிப்பு என்று எழுதினால் முடிப்பவர் எண்ணிக்கை பரிதாபமாக இருக்கும். நான்கு வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று கொடுத்து, மீதியை வெளியே வந்து தொடரும்படி அமையுங்கள். நீண்ட படிப்பைத் தண்டனைக் கைதிகளுக்கு வையுங்கள். சான்றிதழில் சிறையின் பெயர் வேண்டாம். காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கும் வேலைகளுக்கு, அதாவது செக்யூரிட்டி, பேட்ஜ் வேண்டிய ஓட்டுநர் வேலை போன்றவற்றுக்குப் பயிற்சி கொடுப்பது பணத்தையும் மனிதரின் நம்பிக்கையையும் சேர்த்து வீணடிக்கும்.

வெளிநாட்டு நிதியைப் பொறுத்தவரை இப்போது வேண்டாம். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவுக்கு மூன்று ஆண்டு செயல்பாடும், அந்த மூன்று ஆண்டில் முக்கியப் பணிக்கு ₹15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற பெரிய அமைப்பு தன் வெளிநாட்டுப் பணத்தை உங்களுக்குப் பிரித்துத் தரவும் முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும், கணக்கு டெல்லி பாராளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அன்போடு அனுப்பும் டாலரும், அவர் அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டால் வெளிநாட்டு நிதிதான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் வங்கி வழியாக அனுப்புவது அப்படி அல்ல. கடவுச்சீட்டு நகலை வாங்கி வையுங்கள்.

இப்போது பட்ஜெட். ஓராண்டுத் திட்டமாக எழுதாதீர்கள். ஆள் எடுக்கவும் அனுமதிக்கும் இரண்டு மாதம் போகும். வெளியே வந்தவரை ஆறு மாதமாவது தொடர வேண்டும். பத்தாவது மாதம் வெளியே வருபவரின் ஆறு மாதம், திட்டம் முடிந்த பிறகு அல்லவா வருகிறது? பதினெட்டு மாதம் கேளுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை மாதம் 6 பேரைச் சேர்த்தால் 60 பேர், மீதி ஆறு மாதம் தொடர்பு. சி.எஸ்.ஆர். விதிகளில் இதைத் தொடர் திட்டம் என்று தொடக்கத்திலேயே இயக்குநர் குழு அங்கீகரிக்க வேண்டும். அப்படிச் செய்யாத திட்டத்தில் செலவாகாத பணத்தைக் கம்பெனி ஆறு மாதத்துக்குள் அரசு நிதி ஒன்றில் கட்டிவிட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு "மார்ச் 31-க்குள் செலவு செய்துவிட முடியுமா?" என்று வரும் பணத்துக்கு முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது ஒருமுறை வாங்கும் பொருளுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமூகப் பணியாளர் ஒருவர் மாதம் ₹28,000, களப்பணியாளர் இருவர் தலா ₹20,000, பகுதிநேர வழக்கறிஞர் ₹15,000, பகுதிநேரக் கணக்கர் ₹10,000. மாதம் ₹93,000, பதினெட்டு மாதத்துக்கு ₹16,74,000. பயனாளிகளுக்கு: விடுதலை நாள் கைச்செலவு தலா ₹1,500 வீதம் ₹90,000, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு அலைச்சலுக்குத் தலா ₹1,000 வீதம் ₹60,000, போக இடமில்லாத 20 பேருக்கு இரண்டு மாத வாடகை மாதம் ₹5,000 வீதம் ₹2,00,000, 25 பேருக்குப் பயிற்சியும் கருவியும் தலா ₹15,000 வீதம் ₹3,75,000. ஆக ₹7,25,000. பயணம் மாதம் ₹12,000, அலுவலகம் ₹9,000, இரண்டு நிதியாண்டுத் தணிக்கை ₹60,000, சேர்த்து ₹4,38,000. மொத்தம் ₹28,37,000. ஒருவருக்கு ₹47,000 சொச்சம்.

சம்பளம் பாதிக்கு மேல் போவதைப் பார்த்து நிதி தருபவர் முகம் சுளிப்பார். அதைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். இந்த வேலையில் சம்பளம் என்பதே சேவை. ஜாமீன் உத்தரவு சாயங்காலம் வந்து, இருட்டிய பிறகு கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் நிற்பவரை அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, மறுநாள் வீட்டாரிடம் பேசி, காசநோய் மாத்திரை விட்டுப்போகாமல் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்து, வாய்தா தேதியை நினைவூட்டுவது ஒரு ஆள். எவ்வளவு பொருள் வாங்கினாலும் அதைச் செய்யாது. சி.எஸ்.ஆரில் பேசப்படும் 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகத்துக்கு. உங்கள் களப்பணியாளர் சம்பளத்தை அதற்குள் அடைக்க வேண்டியதில்லை. இதைக் கம்பெனி அதிகாரிகளே பலமுறை தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரே களப்பணியாளரின் முழுச் சம்பளத்தை இரண்டு நிதி தருபவர்களிடம் காட்டுவது அமைப்பையே மூடவைக்கும் பிழை. 60 சதவீதம் இங்கே, 40 சதவீதம் அங்கே என்று பிரித்து, நேரக் குறிப்பேடு வைத்து, தனித்தனிப் பேரேட்டில் எழுதுங்கள். கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கையும் ஆடிட்டர் சான்றும் போன பிறகே வரும். அதுவரை சம்பளம் நிற்காமல் இருக்க மூன்று மாதச் சம்பளம், மேலே சொன்ன கணக்கில் ₹2,79,000, சொந்த இருப்பாக வேண்டும்.

பலனை எப்படிக் காட்டுவது? "மீண்டும் குற்றம் செய்வோர் 80 சதவீதம் குறைவர்" என்று எழுதாதீர்கள். அதைச் சரிபார்க்கும் காவல்துறைத் தரவு உங்கள் கையில் இல்லை. 30, 90, 180 நாளில் தொடர்பில் இருக்கிறாரா, அடையாள ஆவணம் கையில் வந்ததா, எல்லா வாய்தாவுக்கும் போனாரா, வருமானம் உண்டா, மறுபடி கைதானாரா என்று ஐந்தை மட்டும் எண்ணுங்கள். தொடர்பு அறுந்தவரைப் பட்டியலிலிருந்து நீக்காமல் தனியாகக் காட்டுங்கள். 60 பேரில் 14 பேர் எங்கே என்று தெரியவில்லை என்று சொல்லும் அறிக்கையை, 100 சதவீத வெற்றி என்று சொல்லும் அறிக்கையை விட அனுபவமுள்ள நிதி தருபவர் அதிகம் நம்புவார்.

மூன்றாம் ஆண்டு முடியும் வரை உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் சிறு உதவி, சி.எஸ்.ஆர். விதிகளுக்கு உட்படாமல் சொந்த மூலதனத்திலிருந்து கொடுக்கும் உள்நாட்டு அறக்கட்டளைகள், தனிநபர் நன்கொடை. இவற்றில் கடைசியையே முதலில் தொடங்குங்கள். மாதிரிக் கணக்கில் விடுதலை நாள் கைச்செலவும் ஆவணச் செலவும் சேர்ந்து ₹1,50,000. மாதம் ₹500 தரும் 25 பேர் இருந்தால் ஓராண்டில் வருவது அதே தொகை. 80ஜி ரசீது கொடுங்கள். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் எண்ணையும் பதிவு செய்யுங்கள். ஆண்டு நன்கொடைப் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித்துறையில் தாக்கல் செய்ய அது வேண்டும்.